கம்ப்ரஸர் போச்சுன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க

கார் ஏசியில சத்தம் வந்தா "கம்ப்ரஸர் போச்சு, மாத்தணும்"னு சொல்றது இப்போ பல ஒர்க்‌ஷாப்ல வழக்கமாயிடுச்சு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சத்தம் எப்போ வருது, எதை நிறுத்தினா நிக்குதுன்னு சோதிச்சுப் பார்க்காத ஆளுக்குப் பணத்தை எடுத்து நீட்டாதீங்க.

கிணத்து மோட்டாரை நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு இது புதுசில்ல. மோட்டார் உறுமினா மோட்டாரையே தூக்கிப் போடறதில்ல. பேரிங் போச்சா, ஃபுட் வால்வுல காத்து இழுக்குதா, கரண்ட்ல ஒரு பேஸ் வரலையான்னு சத்தத்தை வெச்சே பாதி சொல்லிடுவோம். லட்சக்கணக்குல காசு போட்டு கார் வாங்கின பட்டணத்துச் சனங்க மட்டும் சத்தம் கேட்டா பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கறாங்க.

என் அக்கா மகன் சென்னையில கடன்ல கார் வாங்கி வாடகைக்கு ஓட்டறான். போன சித்திரையில வண்டியோட முன்பக்கம் 'கொர்ர்'னு ஒரு சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்ல கம்ப்ரஸர் மாத்த 27 ஆயிரம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அவனுக்கு அது ரெண்டு மாசத் தவணை. வெயில் காலத்துல ஏசி போடாம ஓட்டினா ஏறினவங்க ஸ்டாரைக் குறைச்சிடறாங்க, அதனால நிறுத்தவும் முடியாது. திருவண்ணாமலைக்குச் சவாரி வந்தவன் அப்படியே மூங்கில்துறைப்பட்டுக்கு வந்து, "என்ன மாமா பண்றது"ன்னு உக்காந்துட்டான்.

எங்க ஊர்ல டிராக்டரும் பார்த்து காரும் பார்க்கற மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் பானெட்டைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டார்: "ஏசி போட்டா மட்டும் வருதா, போடாமலும் வருதா?"

"போடாமலும் வருதுண்ணே."

"அப்புறம் கம்ப்ரஸர் மேல ஏன் பழி போடறாங்க?"

விஷயம் இதுதான். கிளட்ச் வெச்ச கம்ப்ரஸர்ல, என்ஜின் ஓடினா வெளியில இருக்கற புல்லி மட்டும் பெல்ட்டோட சும்மா சுத்திட்டே இருக்கும். ஏசி பட்டனை அமுக்கினா 'டிக்'னு கிளட்ச் ஒட்டிக்கும், அப்போதான் உள்ள இருக்கற கம்ப்ரஸர் சுத்தும். ஏசி போடாமலே உறுமினா பெரும்பாலும் புல்லி பேரிங், இல்லன்னா அதே பெல்ட்டுல ஓடற வேற ஒண்ணு. ஏசி போட்டதும் மட்டும் உறுமினாதான் கம்ப்ரஸர் உள்பக்கத்தைச் சந்தேகப்படணும். (சில புது வண்டியில கிளட்ச்சே கிடையாது, எப்பவும் சேர்ந்தே சுத்தும். அதுல இந்தச் சோதனை எடுபடாது.)

என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழட்டிட்டு ஒவ்வொரு புல்லியா கையால சுத்திப் பார்த்தார். ஏசி புல்லி மட்டும் மணல் விழுந்த மாதிரி கரகரன்னுச்சு. நடுவுல இருக்கற தட்டு வழவழன்னு சுத்துச்சு, அதாவது உள்ள ஒண்ணும் கெடல. கள்ளக்குறிச்சியில இருந்து பேரிங் வரவழைச்சு மாத்தினார். கூலியோட 1,800 ரூபாய். கேஸைக்கூடத் திறந்து விட வேண்டியிருக்கல.

மத்த சத்தங்களும் இப்படித்தான், தனித்தனியா ஒரு அடையாளம் இருக்கு. என்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்பி ஃபேனைப் போடுங்க. அப்பவும் சடசடன்னா அது புளோயர், ஃபேனைக் கூட்டினா சத்தமும் கூடும். ஏசியை நிறுத்தின பிறகு கொஞ்ச நேரம் 'உஸ்'னா பயப்படாதீங்க, உள்ள கேஸ் அழுத்தம் சமமாகுது. வண்டி திரும்பறப்போ டேஷ்போர்டுக்குள்ள தண்ணி குலுங்கினா வடிகால் குழாய் அடைச்சிருக்கும். 'டிக் டிக்'னு கிளட்ச் அடிக்கடி ஒட்டி விட்டா கேஸ் குறைஞ்சிருக்கலாம். ஆனா கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற சரக்கில்ல. சீக்கிரமே குறைஞ்சா எங்கியோ கசியுது. ஓட்டையைத் தேடாம வருஷா வருஷம் நிரப்பிவிடறவர்கிட்ட போகாதீங்க. கேஸோட சேர்ந்து எண்ணெயும் கசிஞ்சா, நல்ல கம்ப்ரஸரே அதனால கெட்டுப் போகும்.

ஒர்க்‌ஷாப்காரங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. முழுசா மாத்தினா அவங்களால கேரண்டி குடுக்க முடியும், பேரிங் மாத்தி நாளைக்கே வேற எதாவது ஆனா வாடிக்கையாளர் சட்டையைப் பிடிப்பார். கம்ப்ரஸர் உள்ளயே தேய்ஞ்சு இரும்புத் தூள் பைப்புல கலந்துட்டா செலவைத் தவிர்க்கவும் முடியாது. அப்போ கம்ப்ரஸர் மட்டும் மாத்தினாலும் பத்தாது, லைனையும் கழுவணும். ஆனா அதை எனக்குக் காட்டிட்டுச் சொல்லணும் இல்லியா?

2025 அக்டோபர் 1-லிருந்து தயாரிக்கிற பெரிய லாரிகள்ல டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம்னு மத்திய அரசு சட்டம் போட்டிருக்கு. நல்ல சட்டம். இனி கரும்பு லாரி ஓட்டற பசங்களுக்கும் இந்தச் செலவெல்லாம் வரப்போகுது, அதனாலயும்தான் இவ்வளவு சொல்றேன்.

அரவை சீசன்ல எங்க ஊர்ப்பக்கம் வர்றவங்களுக்கு இன்னொண்ணு. ரோடெல்லாம் கரும்புச் சோகை பறக்கும், எலியும் அதிகம். ராத்திரி வண்டியை வயல் ஓரம் நிறுத்தினா காலையில பானெட்டைத் திறந்து பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஊருக்குத் திரும்பினதும் டேஷ்போர்டு டப்பாவைக் கழட்டி, பின்னாடி ஃபில்டர் இருந்தா உருவித் தட்டுங்க. பாதி வண்டிக்கு அதுலயே சடசடப்பு நின்னுடும்.