சிப்பாயின் புகாரை விசாரிப்பது யார்?

பட்டாளத்தில் சிப்பாய்க்கு ஒரு குறை என்றால் யாரிடம் சொல்லுவது? மேலதிகாரியிடம். குறையே அந்த அதிகாரியின் பேரில் என்றால்? அவருக்கும் மேலே உள்ள அதிகாரியிடம். 1950-ம் வருஷத்திய ராணுவச் சட்டத்தின் 26-வது பிரிவு காட்டும் வழி இதுதான். தர்மகர்த்தாவின் கணக்கை அவருடைய மைத்துனரைக் கொண்டு பரிசோதிப்பதற்கும் இதற்கும் என்ன பேதம் என்று கேட்கின்றோம். இதோடு, தெரிந்து பொய்க் குற்றம் சாட்டினால் 5 வருஷம் வரை சிறை என்று 56-வது பிரிவு வேறு இருக்கின்றது. பொய்யனைத் தண்டிப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் எது பொய் என்று தீர்ப்புச் சொல்லும் பட்டாளக் கோர்ட்டில் உட்காருகின்றவர்களும் அதிகாரிகள்தானே!

இதன் பலன் என்னவென்று 1946-ல் பம்பாயில் பார்த்தாயிற்று. "தல்வார்" என்னும் கடற்படைப் பள்ளியில் இருந்த மாலுமிகள் உண்ணத் தகாத சோற்றைப் பற்றியும், வெள்ளைக்கார அதிகாரி வாயிலிருந்து வந்த, மானமுள்ளவன் காதால் கேட்கக் கூடாத வசவைப் பற்றியும் முறையிட்டுப் பார்த்தார்கள். பரிகாரம் கிடைக்கவில்லை. பிப்ரவரி 18-ந் தேதி சோறில்லையேல் வேலையில்லை என்று உட்கார்ந்துவிட்டார்கள். சில நாளில் சுமார் 20,000 பேர் சேர்ந்துகொண்டார்கள். துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அப்புறந்தான் சர்க்காருக்குப் புத்தி வந்து, பாட்னா ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி பஸல் அலி அவர்கள் தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அந்த ஜட்ஜை முன்னமே வைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

இப்பொழுது ராணுவ டிரிபியூனல் இருக்கின்றதே என்பார்கள். 2007-ல் சட்டம் செய்தார்கள், 2009 முதல் நடக்கின்றது, சென்னையிலும் ஒரு கிளை உண்டு. வாஸ்தவமே. ஆனால் பட்டாளத்திற்குள் உள்ள படிகளையெல்லாம் ஏறி இறங்கிய பிறகுதான் சாதாரணமாய் அங்கே போகலாம். லீவு, மாற்றல் சங்கதிகளை அது தொடாது. லீவு அற்ப சங்கதியா என்பதைச் சிப்பாயின் பெண்ஜாதியைக் கேட்டால் சொல்லுவாள்.

வெளியார் தலையிட்டால் கட்டுப்பாடு கெட்டுவிடும் என்று பயமுறுத்துகின்றார்கள். ஜெர்மனியில் 1956-லேயே அரசியல் சட்டத்தைத் திருத்தி, சிப்பாய்களின் குறை கேட்கப் பார்லிமெண்டே ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஏற்பாடு செய்தார்கள். அவர் பட்டாளத்தில் இருந்தவராக இருக்க வேண்டியதில்லை. எந்தச் சிப்பாயும் மேலதிகாரி மூலமாக அல்லாமல் நேரே அவருக்கு எழுதலாம். எழுதியதற்காக அவனைத் துன்புறுத்தக் கூடாது. முன்கூட்டிச் சொல்லாமல் எந்த முகாமுக்குள்ளும் அவர் நுழையலாம். அந்தப் பட்டாளம் கலைந்தா போய்விட்டது?

பிள்ளைகளைப் பட்டாளத்திற்கு அனுப்பியிருக்கும் தோழர்கள், ஓட்டுக் கேட்க வருகின்ற பார்லிமெண்டு மெம்பரிடம் இந்த 26-வது பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு, அவர் சொல்லும் பதிலை நமக்கு எழுதியனுப்பக் கோருகின்றோம்.