மௌனப்படக் காலத்து ஒளிப்பதிவாளர்

திரைப்படம் ஒன்றைக் கண்டு மீள்வோரிடம், யார் நடித்தது என்று வினவுவார் பலர்; யார் நெறிப்படுத்தியது என்று வினவுவார் சிலர்; படம்பிடித்தவர் யாவர் என்று வினவுவாரைக் காண்டல் அரிது. பத்திரிகை விமர்சனங்களும் "ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து" என்னும் ஒற்றை வாக்கியத்தோடு அவர் கணக்கைத் தீர்த்துவிடுகின்றன. பேசும் படத்தைப் பொறுத்தவரை இவ்வலட்சியத்தை ஒருவாறு பொறுக்கலாம். மௌனப்படத்துக்கோ இது பெரும் அநீதியாகும். அங்கே ஒளியும் நிழலுமே மொழி. அம்மொழியை ஆக்கியவர் ஒளிப்பதிவாளர்.

அவருக்கு வாய்த்த கருவி எளியது. கமெராவைக் கையினாற் சுழற்ற வேண்டும். செக்கனுக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு 8 படம், ஆகச் செக்கனுக்கு 16 படம் என்பது பொதுவான அளவு. கை தளர்ந்தாற் போதும், திரையில் மாந்தர் ஓட்டமெடுப்பர். பழைய படச்சுருளோ நீலத்தை மிகுதியாக உணரும்; செந்நிறத்தை உணராது. ஆதலின் வானம் வெறும் வெள்ளையாக வெளிறும். சிவந்த உதடு கரிபோற் கறுக்கும். அக்கால நடிகரின் வெள்ளைப் பூச்சைக் கண்டு நகைப்போர் இக்காரணத்தை அறியார். இக்குறைகளுக்கிடையிலேதான் பில்லி பிற்சர் என்பார் 1908 தொடக்கம் கிறிபித்தின் படங்களைப் பிடித்து, அண்மைக் காட்சிக்கும் மென்மையான ஒளியமைப்புக்கும் வழிகாட்டினார்.

எனினும் கமெராவுக்குக் காலும் உயிரும் கொடுத்தவர் என்று கார்ல் புரொயிண்டைச் சொல்லுதல் வேண்டும். 1924-இல் ஜேர்மனியில் மூர்ணோ நெறிப்படுத்திய "கடைசி மனிதன்" பெரிய விடுதி ஒன்றின் வாயிற்காவலன் கதை. முதுமை காரணமாகப் பதவியையும், அதனிலும் மேலாக மதித்த சீருடையையும் அவன் இழக்கிறான். கதைக்கிடையே எழுத்திற் காட்டப்படும் விளக்கம் ஒன்றே ஒன்றுதான். மற்றெல்லாவற்றையும் கமெராவே சொல்கிறது. தொடக்கத்தில், துவிச்சக்கர வண்டியிற் கமெராவைப் பொருத்தி, லிப்டில் இறங்கி, விடுதி மண்டபத்தினூடே அவர் செலுத்திக்கொண்டு வருகிறார். காவலன் குடிமயக்கத்தில் தள்ளாடும் இடத்திலோ கமெராவைத் தம் மார்பிலே கட்டிக்கொண்டு தாமும் தள்ளாடினார். காண்போன் குடியனைக் காண்பதோடு நில்லாமல், குடியன் காணும் உலகத்தையும் காண்கிறான்.

இவையெல்லாம் நெறியாளரின் எண்ணந்தானே என்று வினவலாம். மூர்ணோவுக்கும் கதாசிரியர் கார்ல் மேயருக்கும் உரிய புகழை நாம் குறைக்கவில்லை. ஆயின், கமெரா குடித்திருத்தல் வேண்டுமென்று கருதுவது ஒன்று. பாரமான பெட்டியைச் சுமந்துகொண்டு அதனைச் செய்து முடித்தல் வேறொன்று. மூர்ணோ அமெரிக்கா சென்று 1927-இல் எடுத்த "சூரியோதயம்" படத்திலே, சார்ள்ஸ் ரோஷர், கார்ல் ஸ்ட்ரஸ் இருவரும் மேலே அமைத்த தண்டவாளத்திற் கமெராவைத் தொங்கவிட்டு, மூடுபனிச் சதுப்பு நிலத்தினூடே கதைத் தலைவனைப் பின்தொடர்ந்தனர். ஒளிப்பதிவுக்கான முதலாவது ஒஸ்கார் பரிசு 1929-இல் அவ்விருவருக்குமே கிடைத்தது.

இயக்கத்தால் வென்றவர் அவர். முகத்தால் வென்றவர் ருடொல்ப் மத்தே. டென்மார்க்கு நாட்டு டிரையர் 1928-இல் வெளியிட்ட "ஜோன் ஒவ் ஆர்க்கின் திருப்பாடுகள்" பெரிதும் முகங்களாலேயே ஆனது. எல்லா நிறத்தையும் உணரும் புதிய படச்சுருள் அப்போது வழக்குக்கு வந்திருந்தமையால் நடிகருக்கு ஒப்பனையே இடவில்லை. நிலத்திலே குழி தோண்டிக் கமெராவை இறக்கி, நீதிபதிகளைக் கீழிருந்து படம்பிடித்தனர். மெய்ப்பாடு என்று நம் இலக்கணநூலார் வகுத்தது எத்தகையது என மாணவருக்கு விளக்கப் புகும் ஆசிரியர், பல்கொனெற்றி என்னும் நடிகையின் கண்ணீரை இப்படத்திற் காட்டினாற் போதும்.

இக்கலை முதிர்ந்த வேளையிலேயே பேசும் படம் வந்தது. ஒலிவாங்கி கமெராவின் இரைச்சலையும் சேர்த்துப் பதிந்தமையால், கமெராவையும் அதனை இயக்குபவரையும் ஓசை புகாத பெட்டிக்குள் அடைத்தார்கள். மண்டபமெங்கும் உலாவிய கருவி சில ஆண்டுகள் சிறையிருந்தது. பழைய படங்களின் கதி இதனினும் கொடிது. எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுச் சுருள்கள் எரிந்தன, உக்கின, வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அழிக்கவும்பட்டன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப்படங்களுள் வெளியான வடிவிலேயே எஞ்சியவை 14 சதவீதமே.

எஞ்சியவற்றையேனும் செவ்வையாகக் காட்டுதல் வேண்டும். 16 படம் வீதம் பதிந்ததை 24 படம் வீதம் ஓட்டி, துயரக் காட்சியை நகைச்சுவையாக்குவது ஒளிப்பதிவாளரின் கையை அவமதிப்பதாகும். திரைப்படக் கழகத்தார் தம் அறிமுகத் தாள்களில் நெறியாளர் பெயருக்கருகே அவர் பெயரையும் பொறித்தல் வேண்டும்.

மத்தேயின் படத்து மூலப்பிரதி வெளிவந்த ஆண்டிலேயே பேர்லினில் எரிந்தது. எஞ்சிய துண்டுகளைக் கொண்டு டிரையர் இன்னொரு பிரதியைத் தொகுத்தார். மத்தே 1964-இலும் டிரையர் 1968-இலும் காலமாயினர். முதற் பிரதியின் படி ஒன்று 1981-இல், ஒஸ்லோவுக்கருகே மனநோய் வைத்தியசாலை ஒன்றின் அலுமாரியிலிருந்து கிடைத்தது.