கைத்தொலைபேசிக்கும் ஒரு வாசல்



"மறைக்க ஒன்றுமில்லாதவளுக்குப் பூட்டு எதற்கு?" கைத்தொலைபேசியைப் பூட்டி வைக்கும் பெண்ணிடம் மாமி இப்படிக் கேட்பார், சில வீடுகளில் கணவரே கேட்பார். அதற்குள் இருப்பது அவளுடைய இரகசியம் மட்டுந்தானா? திருமண வீட்டில் பெண்கள் பகுதியில் பிடித்த படங்கள் இருக்கின்றன. தங்கை தலை மறைக்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிநேகிதி யாருக்கும் சொல்லாமல் அனுப்பிய வைத்திய அறிக்கை இருக்கிறது. இவையெல்லாம் பிறருடையவை, அவளை நம்பி ஒப்படைத்த அமானிதம். பூட்டு அந்த அமானிதத்துக்காகத்தான்.

எமது பகுதியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டபோது, எத்தனையோ குடும்பங்களின் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. அதே ஆண்டில் யுத்தத்தால் இடம்பெயர்ந்த காங்கேசன்துறை மக்களும் இந்த வேதனையை அறிவார்கள். அதனால் இன்று எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் உடனே கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறோம். நல்ல பழக்கந்தான். ஆனால் அலுமாரியே கைப்பைக்குள் வந்துவிட்ட பிறகு சாவியைப் பற்றியும் யோசிக்க வேண்டாமா?

பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டுமென்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (24:27). துவாரத்தின் வழியே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பிறர் கடிதத்தைப் பார்ப்பது பற்றி அபூதாவூதில் வரும் அறிவிப்பைச் சிலர் மேடையில் சொல்வார்கள். அது பலவீனமானது என்று அபூதாவூத் அவர்களே குறிப்பிட்டுள்ளார்கள். முந்தியவையே போதும்.

அந்நியர் கை நம் கைத்தொலைபேசிக்குள் எப்போது நுழைகிறது? எங்கோ தூர தேசத்துத் திருடனைப் பயப்படுகிறோம். ஆனால் திரை உடைந்ததும் இரகசிய இலக்கத்தைத் துண்டுத் தாளில் எழுதி, கைத்தொலைபேசியின் முதுகில் ஒட்டித் திருத்தும் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம்! திருத்துபவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்தாம். என்றாலும் நமது படங்களைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. சம்சுங் கைத்தொலைபேசிகள் பலவற்றில் 2022 முதல் 'மெயின்டெனன்ஸ் மோட்' என்றொரு வசதி உண்டு. கூகுள் பிக்சலில் அதன் பெயர் 'ரிப்பேர் மோட்'. இதை இயக்கிவிட்டுக் கொடுத்தால் படங்களும் செய்திகளும் கடைக்காரருக்குத் தெரியா. உங்கள் பூட்டைத் திறந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். திரை முற்றாகச் செத்துவிட்டால் இதை இயக்க வழியில்லை. அப்போது வீட்டாரில் ஒருவர் கடையிலேயே இருந்து வாங்கி வரட்டும்.

செயற்கை நுண்ணறிவும் இதில் உதவிக்கு வந்திருக்கிறது. 2023 ஒக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. இரு கையிலும் பொதி, இடுப்பில் பிள்ளை, விரலிடுக்கில் கைத்தொலைபேசி என்று வரிசையில் நிற்கும் பெண்ணிடமிருந்து பறிப்பது இலேசு. பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரையைத் தானே பூட்டும் வசதியை கூகுள் 2024 இல் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளுக்குக் கொண்டுவந்தது. செட்டிங்ஸில் 'தெஃப்ட் புரொடெக்‌ஷன்' என்று தேடி இயக்கிக்கொள்ளுங்கள்.

முகத்தைக் காட்டித் திறக்கும் முறையும் உண்டு. ஆனால் விலை குறைந்த கைத்தொலைபேசிகள் சில ஒரு நிழற்படத்தைக் காட்டினாலே ஏமாந்துவிடும். நிகாப் அணியும் சகோதரிக்கோ அது வீதியில் முகத்திரையை நீக்க வைக்கும் பூட்டு! விரல் அடையாளமே வசதி. விரல் நுனியில் மருதோன்றி இட்ட நாட்களில் அதுவும் சிலவேளை மறுக்கும். ஆகவே ஆறு இலக்க எண்ணொன்று மனனமாக இருக்கட்டும். பிள்ளையின் பிறந்த திகதி வேண்டாம்.

எங்கே எதை அழுத்துவதென்று தெரியாவிட்டால் சட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் தமிழிலேயே கேட்கலாம். அவையும் தவறாகச் சொல்வதுண்டு. சொன்ன பெயர் உங்கள் திரையில் இல்லையென்றால் தடுமாற வேண்டாம். இரகசிய இலக்கம், வங்கி அனுப்பும் எண், அடையாள அட்டைப் படம் ஆகியவற்றை மட்டும் அவற்றிடம் கொடுக்காதீர்கள்.

வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதியை மாதமொரு முறை பாருங்கள். ஒரு நிமிடம் கைத்தொலைபேசி கிடைத்தவர் தமது கணினியில் உங்கள் உரையாடல்களை இணைத்துக்கொண்டு போயிருக்கலாம். அறியாத கருவி இருந்தால் நீக்கிவிடுங்கள்.

கணவன் மனைவி விடயத்தில் என் கருத்து இதுதான்: மனமொத்து இலக்கத்தைப் பகிர்ந்துகொண்டால் அது அவர்கள் விருப்பம். ஆனால் தூங்கும் மனைவியின் விரலைப் பிடித்துத் திறப்பது துருவித் துருவி ஆராய்வதாகும்; அதை அல்லாஹ் தடுத்திருக்கிறான் (49:12). கணவருடைய கைத்தொலைபேசிக்கும் இதே சட்டந்தான் சகோதரிகளே! சிறு பிள்ளைகளைக் கண்காணிப்பது வேறு. அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். படத்தைத் திருடி ஒருவன் மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள்; அவைதாம் சாட்சி. உம்மாவிடமோ வாப்பாவிடமோ அன்றே சொல்லுங்கள். பெற்றோரே, அழுதுகொண்டு வரும் மகளிடம் "ஏன் படம் எடுத்தாய்?" என்று தொடங்காமல், அவளை அருகில் இருத்தி, இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள்.