ஃபின்மார்க் சங்கம் தனித்தே இயங்கட்டும்

நார்வே கால்பந்துச் சங்கத்தின் 18 மாவட்டச் சங்கங்களுள் ஃபின்மார்க் சங்கம் வடகோடியில் இருப்பது. ஆண்கள் கால்பந்தின் மேல் நான்கு படிநிலைகளின் ஆட்டங்களைத் தேசியச் சங்கமே நடத்துகிறது. அதற்குக் கீழே, ‘நான்காம் டிவிஷன்’ என்ற பெயருள்ள ஐந்தாம் படியிலிருந்து சிறுவர் சிறுமியர் ஆட்டங்கள் வரை மாவட்டச் சங்கத்தின் பொறுப்பு. அட்டவணை போடுவது, நடுவர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்குவது, சிறு கிளப்புகளுக்குக் கைகொடுப்பது எல்லாம் அதன் வேலை. அதன் நிர்வாகக் குழுவைக் கிளப்புகளே தேர்ந்தெடுக்கின்றன.

சிறிய சங்கங்களைப் பெரியவற்றோடு இணைத்தால் செலவு மிச்சமாகும் என்ற வாதம் ஃபின்மார்க்குக்குப் பொருந்தாது. பரப்பில் அது டென்மார்க்கைவிடப் பெரியது. மக்களோ சுமார் 75,000 பேர்தான். மேற்கே ஆல்டாவிலிருந்து கிழக்கே ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்க்கெனெஸுக்குச் சாலைவழி 450 கிலோமீட்டருக்கும் மேல். பனிப்புயலில் மலைச்சாலை மூடினால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பதா, எந்த நாளுக்கு மாற்றுவது என்பதை அந்தச் சாலையில் போய்வந்தவர்களே சரியாக முடிவுசெய்ய முடியும்.

தொலைவிலிருந்து எடுத்த முடிவுகளால் வடக்கு பட்ட பாடு வரலாற்றில் இருக்கிறது. தேசியக் கோப்பைப் போட்டியில் வட நார்வே கிளப்புகளுக்கு 1963-ல்தான் இடம் கிடைத்தது. உயர்நிலை லீகில் முதல் வடக்கு அணியாக நார்விக்கின் மியோல்னர் ஆடியது 1972-ல். அதன் பிறகும் ஓரவஞ்சனை தொடர்ந்தது: இரண்டாம் நிலையின் தெற்குப் பிரிவுகளில் முதலிடம் பெற்றவர்கள் நேரே மேலேற, வடக்குப் பிரிவில் வென்ற அணி மட்டும் தகுதிச் சுற்று ஆட வேண்டியிருந்தது. 1975-ல் தேசியக் கோப்பையையே வென்ற பூடோ/கிளிம்ட், அடுத்த ஆண்டும் இரண்டாம் நிலையிலேயே ஆடியது. அதே அணிதான் 2020-ல் லீக் பட்டம் வென்று, 2025-ல் யூரோப்பா லீக் அரையிறுதி வரை போனது. திறமை வடக்கில் எப்போதும் இருந்தது. வாசல்தான் அடைத்துக் கிடந்தது. ஃபின்மார்க்கின் ஆண்கள் அணி எதுவும் உயர்நிலை லீகை இன்னும் எட்டவில்லை.

அரசும் இணைப்பைச் செய்து பார்த்தது. 2020-ல் ட்ரோம்ஸ், ஃபின்மார்க் மாநிலங்களை ஒன்றாக்கியது. மக்களின் எதிர்ப்பு ஓயாமல், 2024 ஜனவரி 1-ல் அவை மீண்டும் பிரிந்தன. அந்த நான்கு ஆண்டுகளிலும் இரு கால்பந்துச் சங்கங்களும் தனித்தனியாகவே இயங்கின. அது சரியான முடிவு.

தனிச்சங்கம் இருந்தால் மட்டும் போதாது. பதினான்கு வயதுச் சிறுமி ஓர் ஆட்டத்துக்காக நாள் முழுதும் பேருந்தில் போய்வரும் செலவைக் கிளப்பும் பெற்றோருமே சுமப்பது நியாயமன்று. தேசியச் சங்கம் தன் நிதியை ஆட்டக்காரர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பங்கிடாமல், தூரத்தையும் கணக்கிட வேண்டும். சங்கத்தின் எல்லையை மாற்றும் யோசனை எதுவானாலும், ஃபின்மார்க் கிளப்புகள் தங்கள் மாவட்டப் பேரவையில் வாக்களித்து ஏற்காதவரை அதை நடைமுறைக்குக் கொண்டுவரக் கூடாது.