பட்டவர்களைக் கேட்டுத் திட்டம் போடுங்கள்

குமரி மாவட்டம் நெய்யூரில் டாக்டர் ராம்சே 1838-இல் தொடங்கிய மிஷன் மருத்துவப் பணிக்கு இரண்டு நூற்றாண்டு நெருங்குகிறது. எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் அறுவைசிகிச்சை செய்த ஊர். புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை உள்ள ஊர். மருத்துவம் இவ்வளவு வேரோடிய மண்ணிலும், சிகிச்சைத் திட்டங்களை வகுக்கும்போது நோய்ப்பட்டவர்களைக் கூட்டத்தில் உட்காரவைக்கும் வழக்கம் வளரவில்லை. இதனால் நஷ்டம் திட்டத்துக்குத்தான். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பலர் வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் வர வேண்டும். கட்டணத்தை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கலாம். முந்திரி ஆலைக்குப் போகும் பெண் இழக்கும் கூலியையும், துணைக்கு வரும் மகளின் கூலியையும் யார் ஏற்பது? அவர் பாதியில் நின்றுவிட்டால் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று மட்டும் ஏறும். ஏன் வரவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

நோயாளிக்கு மருத்துவ நுட்பம் தெரியாதே என்பார்கள். காசநோய் மருந்துகளால் செவித்திறனை இழந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும், பெடாகுயிலின் என்ற காசநோய் மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்ட ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் மனுவை எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த மனுவை நிராகரித்தது. மலிவான மாற்று மருந்துகளுக்கு வழி திறந்தது. நுட்பத்தை எடுத்துச்சொல்ல வல்லுநர்கள் கிடைப்பார்கள். செவியைக் கெடுக்கும் ஊசிக்குப் பதில் மாத்திரை கிடைப்பதன் அருமையை அவர்களால் சொல்ல முடியாது. பட்டவர் பேச்சு எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தொழுநோய் சாட்சி. அதைக் குணமாக்கும் கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. நோயாளிகளை ஒதுக்கிவைத்த 1898-ஆம் ஆண்டுச் சட்டமோ 2016 வரை ஏட்டில் இருந்தது. விவாகரத்துக்குத் தொழுநோயைக் காரணம் காட்டும் பிரிவு 2019-இல்தான் போனது.

ஒரு நோயாளி எல்லோருக்காகவும் பேச முடியாது, மருந்து நிறுவனங்கள் அவரை வளைத்துப்போடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்கு மருந்து, இருவர் மூவரைச் சேர்ப்பதும், பதவிக்காலத்தை வரையறுப்பதும், யாரிடம் பணம் பெற்றார்கள் என்று எழுதி வாங்குவதும்தான். இந்த விதி குழுவிலுள்ள மருத்துவர்களுக்கும் பொருந்தட்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கு ஆளானவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் மனநல ஆணையங்களில் இடம் கொடுத்திருக்கிறது. அதே ஏற்பாட்டைக் குமரி மாவட்ட நலவாழ்வு சங்கத்திலும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனை போன்றவற்றின் நோயாளர் நலச் சங்கங்களிலும் கொண்டுவரலாம். வருகிறவருக்குப் பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும். அவர் சொன்ன யோசனையை ஏற்கவில்லை என்றால் காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் நாற்காலி மட்டும் போட்டால், அது போட்டோவுக்குத்தான் உதவும்.