டயர் வெடிச்சது விதி இல்ல மக்களே

1/
அவசர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி காதில் விழும் வாசகம் இது: "டயர் வெடிச்சிருச்சு டாக்டர். என்னத்தச் செய்ய, நம்ம நேரம்."

நேரத்தின் மேல் பழியைப் போட்டுட்டா யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்ல. ஆனா டயர் வெடிக்கிறது பெரும்பாலும் திடீர்னு நடக்கிற காரியம் இல்ல. ரத்தக் கொதிப்பு மாதிரி, சத்தமில்லாம பல மாசமா வளர்ந்த ஒரு கோளாறின் கடைசி நாள் அது. இந்த இழை அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2/
இதை நான் மட்டும் சொல்லல. 2010-ல் புனேயிலிருந்து மும்பை போன ஒரு காரில் டயர் வெடிச்சு, வண்டி பள்ளத்தில் விழுந்து ஒருத்தர் இறந்துபோனார். இழப்பீடு வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி சொன்ன வாதம்: டயர் வெடிச்சது கடவுளின் செயல்.

2023-ல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏத்துக்கல. அதிக வேகம், காத்து குறைவு, காத்து அதிகம், பழைய டயர்னு பல காரணங்கள் இருக்கு. இது மனித அலட்சியம்னு சொல்லி, சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீட்டை உறுதி செஞ்சது.

3/
2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்து, 17,884 மரணம். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான்.

இதில் எல்லாமே டயரால் வந்ததுன்னு சொல்ல வரல. வேகம், போதை, ஹெல்மெட் போடாததுன்னு பெரிய காரணங்கள் இருக்கு. ஆனா டயர் விஷயம் மாசத்துக்கு பத்து நிமிஷத்தில் முடியிற வேலை. அதைக்கூட செய்யலன்னாதான் எனக்கு வருத்தம்.

4/
ஒண்ணை யோசிங்க. ஒரு டன் எடையுள்ள கார் ரோட்டைத் தொடுற இடம், டயருக்கு ஒரு உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கை மேலதான் உங்க குடும்பம் மொத்தமும் போகுது. ஸ்டியரிங், பிரேக் எல்லாம் அந்த நாலு உள்ளங்கை பிடிச்சாத்தான் வேலை செய்யும்.

5/
முதல்ல காத்து. நம்ம ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: "கத்திரி வெயில், காத்து விரியும், அதனால ரெண்டு பாயிண்ட் குறைச்சே வை."

இது தப்பு. ஆபத்தான தப்பு.

காத்து குறைஞ்ச டயர் ஒவ்வொரு சுத்துக்கும் பக்கவாட்டில் நசுங்கி நிமிருது. கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா அந்த இடம் சுடும் பாருங்க, அதே கதைதான். சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கிற இழை அடுக்கும் பிரியும். மதுரை பைபாஸில் மதியம் 12 மணிக்கு 100-ல் போகும்போது அது கிழியும்.

6/
வெயிலில் 5, 6 டிகிரி சூடு கூடினா அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். ஓடி சூடானா இன்னும் சில பாயிண்ட் ஏறும். அதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் கம்பெனிக்காரன் அளவு சொல்லியிருக்கான்.

அந்த அளவு எங்கே இருக்கு? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா, கதவு மூடுற தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ரெண்டு பேர் போனா எவ்வளவு, முழு லோடு போனா எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருக்கும். டயர் மேலேயே எழுதியிருக்கிறது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதை நிரப்பாதீங்க.

7/
காலையில், வண்டி ஓடுறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்க. ஓடிவந்து மூச்சு வாங்குறவருக்கு பிபி பார்த்து மாத்திரை எழுத முடியாது. முதல்ல உட்காரச் சொல்லுவோம். டயருக்கும் அதே நியாயம். சூடா இருக்கும்போது ஏறியிருக்கிற காத்தை இறக்கி விடாதீங்க.

பெட்ரோல் பங்க்கில் காத்து இலவசம். அது அவங்க செய்ற உபகாரம் இல்ல, செய்தாகணும்னு விதி. மெஷின் ரிப்பேர்னு போர்டு தொங்கினா கூச்சப்படாம புகார் புத்தகத்தைக் கேளுங்க.

8/
அடுத்தது பட்டன். கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது, பைக்குக்கு 0.8. இது மத்திய மோட்டார் வாகன விதி. ஸ்கேல் வேண்டாம். பள்ளத்துக்குள்ளேயே அங்கங்க சின்னத் திட்டு வெச்சிருப்பான். பட்டன் தேஞ்சு அந்தத் திட்டோட சமமாயிட்டா, டயர் செத்தாச்சு.

பட்டனோட வேலை தண்ணியை ஒதுக்குறது. மொட்டை டயர் தண்ணி மேல வழுக்கிக்கிட்டு மிதக்கும். பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. 2023 டிசம்பர் 17, 18-ல் பக்கத்துல காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டின மண்ணு இது. ஐப்பசி பிறக்கும் முன்னாடி பட்டனைப் பார்த்திருங்க.

9/
டயருக்கு வயசும் உண்டு. பக்கவாட்டில் கடைசியா நாலு இலக்கம் இருக்கும். 3521-னா, 2021-ம் வருஷம் 35-வது வாரம் பிறந்தது.

5 வருஷம் ஆச்சுன்னா வருஷத்துக்கு ஒருக்கா டயர் தெரிஞ்சவர்ட்ட காட்டுங்க. 10 வருஷம் தாண்டினா பட்டன் புதுசா தெரிஞ்சாலும் மாத்துங்க. பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ தெரிஞ்சா வயசே பார்க்க வேண்டாம், உடனே மாத்தணும். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான். மாசக்கணக்கா யாரும் தொடாத டயர் அதுதான்.

10/
இப்போ நம்ம முத்தையாபுரம் விஷயம். திருச்செந்தூர் ரோட்டில் ரெண்டு பக்கமும் உப்பளம். காத்துல உப்பு. உப்பு லாரியிலிருந்து ரோட்டில் சொட்டுறதும் உப்புத் தண்ணி. கோயம்புத்தூர்க்காரர் வண்டியைக் கழுவுறது அழகுக்கு. நாம கழுவுறது ஆயுசுக்கு.

இரும்பு ரிம்மில் டயர் உட்கார்ற விளிம்பு துருப்பிடிச்சா, ட்யூப்லெஸ் டயரில் அந்த வழியா காத்து மெல்ல மெல்லக் கசியும். பஞ்சரே இருக்காது, ஆனா வாராவாரம் காத்து இறங்கும். அப்படி இருந்தா டயரைக் கழட்டி ரிம் விளிம்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்க. திரும்ப மாட்டின பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு வீல் நட்டை ஒருதரம் சரிபாருங்க.

11/
இன்னொண்ணு. இங்க பல வீட்டு போர் தண்ணியே உப்பு. அதில் கழுவி வெயிலில் காயவிட்டா உப்பைப் பூசி வெச்ச மாதிரிதான். கடைசியா ரெண்டு வாளி நல்ல தண்ணி ஊத்தி, துணியால் துடைச்சிருங்க. மேலே பளபளப்பு அப்புறம்; வீல், மட்கார்டு உள்பக்கம், அடிப்பாகம் முதல்ல.

ஓடி வந்த கையோட சூடான வீலில் பச்சைத் தண்ணி அடிக்காதீங்க, பிரேக் டிஸ்க் கெட்டுப்போகலாம். கழுவி முடிச்சு கிளம்பும்போது மெதுவா ஓட்டி ரெண்டு மூணு தடவை பிரேக்கைத் தொட்டுப் பாருங்க. டயர் பாலிஷ் பக்கவாட்டில் மட்டும். ரோட்டைத் தொடுற பட்டனில் பூசினா வழுக்கும்.

12/
இனி டாக்டரா கொஞ்சம் கண்டிப்பா பேசுறேன். வண்டி கழுவுறதிலும் உயிர் போகும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீங்க. சமதளம், ஹேண்ட் பிரேக், மத்த சக்கரத்துக்குக் கல், ஜாக் ஸ்டாண்ட். இது நாலும் இல்லன்னா அடியில் போற வேலையே வேண்டாம்.

13/
பிரஷர் வாஷரை கை, கால் பக்கம் திருப்பக்கூடாது. பிள்ளைங்க விளையாட்டுக்கும் கொடுக்கக்கூடாது. தோலைத் துளைச்சா வெளியே ஊசி குத்தின அளவு ஓட்டைதான் தெரியும். உள்ளே தண்ணி, சோப்பு, அழுக்கு எல்லாம் சதைக்குள்ள பரவியிருக்கும். "சின்னக் காயம்தானே"ன்னு மஞ்சள் வெச்சுக் கட்டிட்டு ரெண்டு நாள் கழிச்சு வராதீங்க. அன்னைக்கே, அப்பவே வாங்க.

ஈரத்தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைக்காதீங்க. வீட்டில் ஆர்சிசிபி போட்டிருக்கான்னு எலக்ட்ரீஷியன்ட்ட கேளுங்க. டயர் பக்கவாட்டிலும் ரொம்பக் கிட்ட வெச்சு அடிக்க வேண்டாம்.

14/
ரிம் கறை போக பாத்ரூம் ஆசிட் ஊத்துறதை நிறுத்துங்க. ரிம்மும் கெடும், உங்க கண்ணும் கெடும். ஆசிட்டோட ப்ளீச்சிங் பவுடர் சேர்ந்தா குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பதம் பார்க்கும்.

சில அலாய் வீல் க்ளீனரில் ஃப்ளூரைடு வகை அமிலம் இருக்கும். அது பட்ட உடனே வலிக்காம, சில மணி நேரம் கழிச்சுக்கூட வலி ஆரம்பிக்கலாம். உடம்பில் கால்சியத்தைக் குறைச்சு இதயத் துடிப்பையே குழப்பும். பட்டா, ஓடுற தண்ணியில் நிறைய நேரம் கழுவிட்டு, அந்த பாட்டிலையும் எடுத்துக்கிட்டு வாங்க.

15/
தயவுசெஞ்சு, டீசல், மண்ணெண்ணெய், தின்னர், ஆசிட் எதையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊத்தி வைக்காதீங்க. குழந்தைக்கு அது கூல்டிரிங்ஸ்தான்.

குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. மண்ணெண்ணெய் வயித்தில் இருக்கிறதை விட, வாந்தியில் நுரையீரலுக்குள் போறதுதான் பெரிய ஆபத்து. உப்புத் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு ஒண்ணும் கொடுக்காம 108-ஐக் கூப்பிடுங்க.

16/
அடுத்து பஞ்சர் கடைத் தம்பிகள். துறைமுகம் இருக்கிற ஊரு, நாள் முழுக்க கண்டெய்னரும் உப்பு லாரியும். லாரி டயரில் 100 பிஎஸ்ஐக்கு மேல காத்து நிக்கும். தனி வளையம் போட்ட பழைய ரிம்மில் வளையம் சரியா உட்காரலன்னா, காத்து பிடிக்கும்போது பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து வரும். முகமும் கையும் சிதைஞ்ச காயத்தை நாங்க தைச்சு மூடலாம். பழையபடி ஆக்க முடியாது.

இரும்புக் கூண்டுக்குள் வெச்சுக் காத்து அடிக்கணும். நீள ஹோஸ் மாட்டி, டயருக்கு நேரே நிக்காம தள்ளி நிக்கணும். முதலாளிமாரே, ஒரு கூண்டு கடையில் ஒரு தடவை செய்ற செலவு. அதைப் போடாத கடையில் காத்து பிடிக்க மாட்டோம்னு லாரி ஓனர்கள் சொன்னாலே போதும், நாளைக்கே கூண்டு வரும்.

17/
மாத்தின பழைய டயரை மொட்டை மாடியில் போடாதீங்க. மழைத்தண்ணி நின்னா பத்து நாளுக்குள் டெங்கு கொசு வெளியே வரும். தண்ணி வத்தினாலும் முட்டை மாசக்கணக்கில் காத்திருக்கும். 1985-ல் ஆசியாவின் புலிக்கொசு அமெரிக்காவில் வேரூன்றினது, கப்பலில் போன பழைய டயர் வழியாத்தான். டயர் கடையிலேயே கொடுத்துட்டு வாங்க. இல்லன்னா ஓட்டை போட்டு, தண்ணி நிக்காம வைங்க.

18/
"ரோடு குண்டும் குழியுமா கெடக்கு, டயரை மட்டும் சொல்றீங்களே"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ரோட்டுக்கும் குரல் கொடுங்க, நானும் கொடுக்கிறேன். ஆனா ரோடு மோசம்ங்கிறதுதான் டயர் நல்லா இருக்கணும்ங்கிறதுக்கு முதல் காரணம்.

"டயர் விலை தெரியுமா"ன்னு லோடு ஆட்டோ ஓட்டுற அண்ணன் கேட்டா என்கிட்ட சுலபமான பதில் இல்ல. ஆனா சரியான காத்து வெச்சா டயர் அதிக நாள் வரும், டீசலும் மிச்சம். காத்துக்குக் காசு இல்ல.

19/
அப்படியும் வெடிச்சிருச்சுன்னா: பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஸ்டியரிங்கை ரெண்டு கையால் நேரா இறுக்கிப் பிடிங்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்க, வேகம் தானா குறைஞ்ச பிறகு ஓரம் கட்டுங்க.

யாராவது அடிபட்டிருந்தா 108. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் உங்ககிட்ட காசு கேட்கக்கூடாது. எந்த ஊர்க்காரரா இருந்தாலும்.

20/
தைப்பூசத்துக்கும் சஷ்டிக்கும் நம்ம ரோட்டோரமா ராத்திரி பகலா ஜனங்க திருச்செந்தூருக்கு நடந்து போறாங்க. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கிட்டு. அவங்களுக்கு ஒரு கை தூரத்தில்தான் உங்க வண்டி கடக்குது. உங்க டயர் உங்க சொந்த விஷயம் மட்டும் இல்ல.

ஞாயித்துக்கிழமை காலையில் கறி வாங்கப் போற வழியில் பங்க்கில் நின்னு, ஸ்டெப்னியையும் சேர்த்து அஞ்சு டயருக்கும் காத்து பாருங்க. வண்டி வெச்சிருக்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.

– அரசு மருத்துவமனை டாக்டர், முத்தையாபுரம்