தாயானால் மாணவி இல்லையா?

பெண் கல்வியில் தமிழ்நாடு முன்னோடி. இதில் சந்தேகமில்லை. ஆனால் படிக்கிற வயதிலேயே தாயாகிவிட்ட பெண்ணை மட்டும் இந்தப் பெருமையில் யாரும் சேர்ப்பதில்லை.

தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள் தமிழ்நாட்டில் 2015-16இல் 5 சதவீதம். 2019-21இல் 6.3 சதவீதம். நாடு முழுவதும் குறைந்தபோது இங்கே கூடியிருக்கிறது! (18, 19 வயதினரும் இதில் அடக்கம்.)

காசிமேட்டிலோ எண்ணூர்க் குப்பம் ஒன்றிலோ பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்த நிலையில் இருந்தால் என்ன ஆகும்? பிரசவம் பார்க்க ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை இருக்கிறது. வயது 18 ஆகவில்லை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போக வேண்டும். கல்யாணம் செய்து வைத்தவர்களுக்கு 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரு கடமை உண்டு, பள்ளிக்கூடத்தைத் தவிர! அவள் வருவது நிற்கும், பிறகு வருகைப் பதிவேட்டில் பெயரும் போய்விடும். அவ்வளவுதான்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போன பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. நல்ல விஷயம். விடுப்பு முடிந்தால் அவருடைய நாற்காலி அவருக்குக் காத்திருக்கும். அவரிடம் படித்த பெண்ணுக்கு ஏன் ஒரு பெஞ்சு காத்திருக்கக் கூடாது?

"இவளைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்பார்கள். சட்டத்தின் கண்ணில் 18 வயதுக்குக் கீழே இருப்பவள் பாதிக்கப்பட்டவள். பாதிக்கப்பட்டவளை வெளியே அனுப்புவது எந்த ஊர் நியாயம்? கைக்குழந்தையோடு படிக்க அவள் படும் பாட்டைப் பார்க்கிற தோழிகளுக்கு அவசரக் கல்யாணத்தில் ஆசை வருமா, பயம் வருமா? கர்ப்பமான மாணவிகளை வெளியேற்றி வந்த தான்சானியாவே 2021 நவம்பரில் அந்தத் தடையை நீக்கிவிட்டது.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. அவள் பெயரை நீக்கக் கூடாது. பிரசவ மாதங்களில் பாடம் வீட்டுக்குப் போக வேண்டும். 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் தெருவுக்கே பாடம் போகவில்லையா? பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் வழி இருக்கிறது; அதைச் சொல்லவும் படிவம் நிரப்பித் தரவும் ஓர் ஆசிரியர் வேண்டும்.

மாதம் 1000 ரூபாய் தரும் 'புதுமைப்பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான். ஆனால் அது பள்ளிக்குப் பிறகு மேற்படிப்பில் சேர்ந்தவளுக்குத்தான் கிடைக்கும். நடுவில் விடுபட்டவளை அந்த வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பது யார் பொறுப்பு? பள்ளிக்கூடத்தின் பொறுப்புதான்.